பிளக் ஓட்டையில் ஊதுவத்தி

“ஹலோ... ஹலோ... வந்துட்டிங்களா மொதலியாரே?... நான் முனிசாமி... ஆங், பெட்ரோல் பங்குலேருந்துதான்... இல்ல, இன்னும் ஏத்தல. ஏத்தலன்னு சொல்றேன்! இஞ்சின் கீழதான் கெடக்குது.”

மெக்கானிக் முனிசாமி, நாற்றம் பிடித்த எதையோ தூக்கியவன்போல ரிசீவரை இரண்டு விரலால் பிடித்திருந்தான். மறுமுனையில், பக்கத்து நூல்கடை போனுக்கு ஓடிவந்திருந்தவர் பட்டு நெசவாளர் திருஞானசம்பந்தம். அவர் மருமகன் குமாரவேல் ஓட்டும் டாக்ஸியின் இஞ்சினைப் பிரித்து, புது ரிங் போட்டுப் பூட்டியவன் இவன். ஷெட்டில் மழைத்தண்ணீர் ஏறியதால் அதை அவர் வீட்டுத் தறிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஆயுத பூசைக்குத் தன் ஊரான கூரத்துக்குப் போயிருந்தான். இன்று காலைதான் ஷெட்டுக்கு எடுத்து வந்தான். திங்கட்கிழமை டாக்ஸியைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பர்மிட் போச்சு. குமாரவேல் பிழைப்பும் போச்சு.

“ஆமா ஆமா, திங்கக்கெழம... தெரியும்... அட, சொல்ல வுடுங்க! எந்த இஞ்சினா இருந்தாலும் ஏத்தறதுக்கு முன்னாடி கையால ஒரு சுத்து சுத்திப் பாப்பேன். சுத்தினா, மண்ண அரைக்கிற மாதிரி கறக் கறக்குங்குது... ம்... ம்... மேல்மூடி ஹெட்ட கழட்டினேன். உள்ள இன்னா இருந்திச்சு தெரியுமா?... எண்ணெயாம், எண்ணெய்! ஊதுவத்தி, மொதலியாரே! ஊதுவத்தி!”

முனிசாமி மூச்சு வாங்கினான்.

“...நான் இன்னாத்துக்கு வெளையாடறேன்? நாலு பிளக் ஓட்டைலயும் நாலு வத்தி சொருகி, கொளுத்தியிருக்குறாங்க. சாம்பல் பூரா உள்ள. மிச்ச குச்சி பிஸ்டன் மேல கெடக்குது. பொரி வேற! எறும்பு சாரசாரையா போவுது, வருது... இன்னாது? தேங்கா ஒடச்ச தண்ணியும் மேல வுட்டிங்களா? அதானே பாத்தேன்! அது புளிச்சு, சந்தனத்தோட கலந்து நாறுது... கருமம், கருமம்!”

பங்கு மானேஜர் வரதராஜன் சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்து வெளியே போனார்.

“...தறிக்கு பண்ற பூசைதானா? தறி மரம்ங்க! எத்தினி சந்தனம் பூசினாலும் வாங்கிக்கும். இது அப்பிடியா?... யாரு, உங்க வூட்டுக்காரம்மா தில்லையம்மாவா சொருகினாங்க?... ஏன், வத்தி சொருக வூட்ல ஒரு வாழப்பழம் இல்லியா?... ஓ, பழமெல்லாம் தறிக்கே சரியா பூட்ச்சா! இஞ்சின்ல ஓட்ட ரெடியா இருந்திச்சு, சொருகிட்டாங்க! சிரிக்காதீங்க மொதலியாரே, வயிறு எரியுது. அதுக்குள்ள தூசி போவக்கூடாதுன்னு உங்க வூட்ல ஒரு ஆளுக்குக் கூடவா தெரியாது?... இன்னா?... ஓட்ட ஏன் தெறந்து கெடந்துதா?”

ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில், வாலாஜாபாத் வண்டி ஒன்றுக்குப் போட அந்த நாலு பிளக்கையும் கழற்றிக்கொண்டு போனது முனிசாமிதான். ஓட்டைகளில் ஒரு கந்தல் துணிகூட அடைத்துவிட்டுப் போகவில்லை.

“...ஆமா. நாந்தான் கழட்டினேன்... துணி வெச்சு அடைக்கணும்... அடைக்கல... ஆமா, மொதலியாரே, ஆமா. நேத்து வேலைக்கு வந்தவன்கூட அடைப்பான்... த்தூ, நானும் ஒரு மெக்கானிக்கு!”

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“எம்பேருக்கா?... எம்பேர சொல்லியா அந்த வத்திய கொளுத்தினாங்க?... முனிசாமி கை நல்லா இருக்கணும்னா?... ஐயோ, போதுங்க. சொல்லாதீங்க.”

சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்தான்.

“...இல்ல, திங்கக்கெழம ஆவாது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு சிலிண்டர் துரு புடிச்சிருக்குது, மெட்ராஸுக்கு அனுப்பி லேத்துல கடைஞ்சாதான் உண்டு... பத்து நாளாவது ஆவும்... மாப்ளய அனுப்பாதீங்க, இன்ஸ்பெக்டர் முன்னாடி நான் போயி நிக்கறேன். தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுக்கறேன்... டயம் குடுப்பாரா, தெரியாது... குடுக்கலன்னா குமாரவேல் மூஞ்சில எப்பிடி முழிப்பேன், போங்க... இன்னாது, அம்மா பக்கத்துலதான் நிக்கறாங்களா?... வேணாம், அவங்ககிட்ட குடுக்காதீங்க... மொதலியாரே, வேணா... ஆங், அம்மா... முனிசாமிதாம்மா... சாப்ட்டேம்மா... ஊர்ல எல்லாம் சௌக்கியம்... பூசையா?... இல்லம்மா, ஒரு கொறையும் இல்ல... நல்லா பண்ணியிருக்கிங்கம்மா... வெச்சுர்றேன்.”