மருந்தறைக்கு ரெண்டாவது ஜன்னல்

கமருதீன்: ...ஆபீசருக்க காரு முக்கு திரும்பிட்டுது. இனி சிரிக்கலாமா நேசபாயக்கா?

நேசபாய்: சிரிப்பெல்லாம் பெறவு. அந்த அளவு நாடாவை எடு. புது ஜன்னலு எங்க வருதுன்னு சுவத்துல இப்பமே கோடு போடணும்.

கமருதீன்: ஆபீசரு ஒப்பு போட்ட மை இன்னும் காயல்ல. அதுக்குள்ள கோடா?

நேசபாய்: காஞ்சா மனசு மாறிப்போவும். ஸ்டூல்ல ஏறு... பைய. ஒரு காலு ஆடும்.

கமருதீன்: எனக்குத் தெரியாதா? அவரு ஏறும்போ பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே. மகாராசாக்க காலத்து ஓடு எப்பிடி ஒழுகுதுன்னு அண்ணாந்து பாத்தாரு. செரியா அந்நேரம் ஒரு சொட்டு, அவருக்க மூக்குக் கண்ணாடியில...

நேசபாய்: சும்மா கிட மக்கா. கோடு வளையும்.

கமருதீன்: சிரிங்கக்கா. எட்டு நாளா உங்களுக்க மொகத்தைப் பாக்க முடியல்ல. "மருந்தறையைப் பத்தி மேல ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கு, விசாரிக்க ஆபீசரு வாறாரு"ன்னு டாக்டரு சொன்ன அன்னைக்கு இருந்து நீங்க செரியா சோறு தின்னல்ல.

நேசபாய்: பின்ன? இஞ்ச தலைமைக் கம்பவுண்டரு நானாக்கும். சீட்டு கிழிஞ்சா எனக்குத்தானே கிழியும்.

கமருதீன்: கிழியல்லியே. வெஷ மருந்துக்குப் பூட்டு போட்ட அலமாரி... கூரைக்குப் புது ஓடு... தேய்க்கிற மருந்து குடுக்கத் தனி ஜன்னலு. எல்லாத்தையும் நம்ம மேசையில இருந்தே எழுதித் தந்துட்டாரு. போகும்போ மெச்சி, "கொள்ளாம், கொள்ளாம்"னு ரெண்டு தடவ சொன்னாரு.

நேசபாய்: மூணு தடவ. கடைசித் தடவ வாசல்ல வச்சு.

கமருதீன்: எண்ணிக்கிட்டா நின்னிய?

நேசபாய்: ரெண்டு வருசம் காத்துக் கிடந்தவ எண்ண மாட்டாளா? ...கொஞ்சம் கீழ இறக்கு. குட்டையான பொம்பளையளுக்கும் கை எட்டணும். ஆங்... அந்த உயரம்.

கமருதீன்: இஞ்ச தேய்க்கிறது. அங்க குடிக்கிறது. இனி குப்பி மாறாது.

நேசபாய்: மாறப்படாது. இனியொரு பகவதியம்மா எனக்கு வேண்டாம்.

கமருதீன்: அதை இப்ப எதுக்கு நினைக்கிய? நல்ல நாளும் அதுவுமா...

நேசபாய்: நினைக்காம இருக்க முடியுமா? அவளுக்க இருமல் மருந்தும், பின்னால நின்னவளுக்க மூட்டுவலிக்குத் தேய்க்கிற மருந்தும் ஒத்தப் பலகையில இருந்துது. கூரைத் தண்ணி சொட்டிச் சீட்டுல எழுதின பேரு ரெண்டும் கரைஞ்சுபோச்சு. எனக்க கையாலதான் மாத்திக் குடுத்தேன். மூணு நாளு வார்டுல கிடந்தா பாவம்.

கமருதீன்: பிழைச்சிட்டாள்லா?

நேசபாய்: பிழைச்சு வந்து, அதே ஜன்னல்ல குப்பியை நீட்டி "மருந்து தா மக்கா"ன்னு சிரிச்சா. அன்னைக்கு நான் உள்ள போயி அழுதேன்.

கமருதீன்: அது தெரிஞ்சவன் எவனோதான் அந்த மொட்டைக் கடுதாசியை எழுதினான். "தலைமைக் கம்பவுண்டரு கவனம் கெட்டவ, வெளியே அனுப்பணும்"னு ஆபீசரு உரக்க வாசிச்சாரே... எனக்கு ரத்தம் கொதிச்சுது. வாசல்ல இருக்க சாயாக்கடை சிவதாணுவாத்தான் இருக்கும். கையில கிட்டட்டு.

நேசபாய்: அந்த மனுசனுக்கு எழுதவே தெரியாது.

கமருதீன்: பின்ன யாரு?

நேசபாய்: விடு.

கமருதீன்: எப்பிடி விட? உங்களுக்குக் கோவமே வரல்லியா?

நேசபாய்: இந்த முனையைப் பிடி. கோடு நேரா வரட்டு.

கமருதீன்: அக்கா?

நேசபாய்: நாடாவை விட்டுராம பிடிச்சுக்க. ...அது நான் எழுதினதாக்கும்.

கமருதீன்: எது?

நேசபாய்: அந்தக் கடுதாசி. எழுத்து தெரியப்படாதுன்னு இடது கையால.

கமருதீன்: உங்களையே வெளியே அனுப்பச் சொல்லியா?

நேசபாய்: அலமாரி தாருங்க, ஓடு மாத்துங்கன்னு நல்ல கையால எழுதினதெல்லாம் மேலாபீசுல கவரு பிரிக்காமக் கிடந்துதுன்னு ஆபீசரே இன்னைக்குச் சொன்னாரு. குத்தம் சொல்லி எழுதினேன், ரெண்டு வாரத்துல காரு வந்துது.

கமருதீன்: சோலி போயிருந்தா?

நேசபாய்: போயிருக்கும். பயந்துதான் கிடந்தேன். ஆனா யாராவது செத்த பெறவு இந்த ஜன்னல்ல நிக்கதுக்கு, அது தேவலன்னு தோணிச்சு.

கமருதீன்: அல்லாவே... இத்தனை நாளு பக்கத்துல நின்னு மருந்து கலக்கினேன். ஒரு வார்த்தை சொன்னியளா?

நேசபாய்: நீ சொன்னியா?

கமருதீன்: ...நானா? என்னத்தை?

நேசபாய்: ஆபீசரு உள்ள வந்ததும் முதல்ல என்ன கேட்டாரு?

கமருதீன்: "நீங்க அனுப்பின பதினாலு கடுதாசிக்க நகலு எங்க?"ன்னு.

நேசபாய்: ஆமா. நகலைக் காட்டினேன். அதை வாசிச்ச பெறவுதான் அவருக்க மொகம் மாறிச்சு. ஆனா நான் இடது கையால எழுதினதுல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

கமருதீன்: மேலாபீசுல எண்ணியிருப்பாங்க...

நேசபாய்: பிரிக்காதவங்க எண்ணுவாங்களா? அவருக்க ஃபைல்ல ரெண்டு கடுதாசி கண்டேன். ஒண்ணு எனக்கது.

கமருதீன்: ஸ்டூலு ஆடுதுக்கா.

நேசபாய்: ஆடட்டு. பதினாலுன்னு தெரிஞ்சவங்க இந்த அறையில ரெண்டே பேரு. ஏலே, நீ வந்து ஏழு மாசம்தான் ஆவுது. இன்னும் டெம்பரவரி. உனக்க பேரை வெட்டணும்னா அவங்களுக்கு ஒத்தக் கோடு போதும். உள்ளதச் சொல்லு. நீயும் மொட்டைக் கடுதாசி எழுதினியா?

கமருதீன்: டாக்டரு வந்து சொன்ன அன்னைக்கு சாயங்காலமே எழுதினேன். "தப்பு அவங்க மேல இல்ல, அவங்க அனுப்பின பதினாலு கடுதாசிக்கும் பதிலு போடாதவங்க மேலயாக்கும்"னு. ஆனா மொட்டைக் கடுதாசி இல்லக்கா... அடியில எனக்க பேரு, வாப்பா பேரு, தேங்காப்பட்டணத்து வீட்டு விலாசம் எல்லாம் எழுதி ஒப்பும் போட்டேன்.