அழைப்பு மணி இல்லாத ஐந்து கதவுகள்

தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் பெல்மிரோ அவர்களே! மழையடித்தாலும் கோயில் மணியடிக்கத் தவறாத பாதிரியார் அவர்களே! அடுப்பைச் சிறுதீயில் வைத்து, மனசையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வசமாக மாட்டிக்கொண்ட லிஸ்பன் விருந்தினரே! சாந்தா கொம்பா தெருவின் சிங்கங்களே! இந்தச் சின்னப் பெண் எஸ்மெரால்டாவின் பெரிய வணக்கம்!

பின்னால கேக்குதா? கேக்கலன்னாலும் நிறுத்த மாட்டேன்!

நம் போர்ச்சுகலில் அரண்மனைகள் ஓட்டலாகிவிட்டன, மடங்கள் ஓட்டலாகிவிட்டன. அத்தனையின் படங்களையும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்! சுவரில் பதித்த நீல ஓடு உங்களைச் சாப்பிடச் சொல்லுமா? தங்க முலாம் பூசிய கட்டில் உங்கள் ஈரத் தலையைத் துவட்டுமா? துவட்டியது யார்? நம் தெரு!

நம் லியோனில்டா அக்கா தன் கல்வீட்டை ஓட்டலாக்க ஆசைப்பட்டார். ஓட்டல் நடத்தும் ஒரு லிஸ்பன் கம்பெனியைக் கேட்டார்; அது இரண்டு நிபந்தனை போட்டது. எட்டு அறையாவது வேண்டும். வாசலில் எண் அழுத்தித் திறக்கும் பூட்டு வேண்டும். அக்காவிடம் இருந்ததோ மூன்றே அறை. கம்பெனி கைவிரித்தால் வீட்டை அடைத்துவிட்டு, போர்த்தோ நகரத்தில் யாருடைய ஓட்டலிலோ படுக்கை விரிக்கப் போக வேண்டியதுதான். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

கடைசிப் பதிலைச் சொல்ல வந்தார் கம்பெனி அதிகாரி கொன்சாலோ. கொட்டுகிறது மழை! கதவில் மணியைத் தேடுகிறார், இல்லை. மேலே தேடுகிறார், இல்லை. நம் ஊரில் வந்தவர் குரல் கொடுக்க வேண்டும், இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும். கூப்பிடும் முன்னே திறந்தால், வேவு பார்த்துக்கொண்டிருந்தோம் என்றாகிவிடாதா? அவருக்கோ, அடுத்தவர் வாசலில் கத்துவது அநாகரிகம்! வெளியே ஒரு மரியாதை நனைகிறது. உள்ளே ஒரு மரியாதை தவிக்கிறது!

ஜன்னல் ஓரம் அக்காவின் தம்பி அதேரிட்டோ துடிக்கிறான். "அக்கா, கதவைத் தொறக்கா! பொழப்பே வெளிய நிக்குது!"

"அவரு வாயைத் தொறக்கட்டும்டா, நான் கதவைத் தொறக்கறேன்."

அப்போது முட்டைக்கோசுக் கூடையோடு வந்தார் பக்கத்து வீட்டு சுல்மிரா அத்தை. சிரிக்காதீங்க அத்தை, உங்களைத்தான் சொல்றேன்!

"ஏன் தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா? 'வீட்டுல யாரு'ன்னு கூப்பிடு!" என்று கொன்சாலோவிடம் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

கூப்பிட்டார் ஐயா, கூப்பிட்டார்! நனைந்த ஆத்திரமெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டார்! "வீட்டுல யாருங்க!"

குரல் கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு வீடா பதில் சொன்னது? ஐந்து வீடு! ஐந்து கதவும் ஒரே நேரத்தில் திறந்து, ஐந்து குரலும் ஒரே நேரத்தில், "யாரா இருந்தாலும் உள்ள வாங்க!"

கூப்பிட்டவர் நுழையாமல் போகலாமா? விடுமா நம் தெரு? ஒரு வீட்டில் செஸ்நட் கொட்டை சூப். ஒரு வீட்டில் உப்புக்கண்டமும் கறுப்பு ரொட்டியும். ஒரு வீட்டில் தலையைத் துவட்டி உலர்ந்த சட்டை. ஒரு வீட்டில் ஒயின்; அது ஒரு கோப்பை என்று அவர் சொல்கிறார், சரி, நம்புவோம்!

"எங்க மாடி அறைய பாத்துட்டுப் போங்க, பையன் பிரான்சுக்குப் போனதுலேர்ந்து சும்மாதான் கெடக்கு" என்றார் சுல்மிரா அத்தை. அடுத்த வீட்டிலும் இரண்டு அறை சும்மா. அதற்கடுத்த வீட்டிலும் இரண்டு! இன்னொரு வீட்டில் ஒன்று!

கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தார். தொளதொளத்த இரவல் சட்டை, சிவந்த மூக்கு. அக்காவுக்கு முகம் வெளுத்திருந்தது.

"சொல்லிடுங்க சார். முடியாதுன்னுதானே?"

"அஞ்சு வீட்டையும் சேத்தா அறை ஒம்பது தேறிடுச்சுங்க. பூட்டு ஒண்ணுதான் கொண்டாந்தேன். அதை எந்தக் கதவுல மாட்றதுன்னுதான் புரியல."

"எதுலயும் வேணாம் சார்."

"அதான் நானும் நெனச்சேன். இங்கயும் கொஞ்சம் சூப் இருக்குமா?"

கட்டிய பெட்டியை அக்கா அவிழ்த்தார். ஒரு தெருவே ஓட்டலானது! கட்டடத்தைக் காட்டிப் பெருமைப்படுவோர் படட்டும். நாம் கதவைக் காட்டிப் பெருமைப்படுவோம்! கம்பெனி நம்மை ஏற்றதா, நாம் கம்பெனியை ஏற்றோமா? உரக்கச் சொல்லுங்கள்! அப்படிப் போடுங்க!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கைதட்டிக் காது கிழித்த தோழர்க்கும், கொன்சாலோ சாருக்கும் நன்றி. ஐந்து வாசலில் எதில் ரிப்பன் கட்டுவது என்று மூன்று நாளாகச் சண்டை. அதனால் ரிப்பனே கிடையாது. ஓட்டல் திறந்தாயிற்று, எல்லா வீட்டிலும் இலவசச் சாப்பாடு, ஆறுவதற்குள் ஓடுங்கள்! வணக்கம்!