தம்பிக்குத் திரும்பி வந்த காசு

பள்ளிவாசலின் புதுக் கழிவறைகளுக்குப் பதித்த டைல்ஸ் வழுக்காத ரகம். வயதானவர்கள் ஈரக் காலோடு வருவார்களே என்று நானே பார்த்துத் தெரிவு செய்தேன். பளபளப்பான ரகம் விலை குறைவுதான், ஆனால் நாலாம் நாள் யாராவது இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். கண்டியில் இத்தனை வருடமாக ஹாட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா. அந்த வேலைக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான், ஹாஷிம் ஹாஜியார், நிர்வாக சபை என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது. சொல்கிறேன். முழுதாகவே சொல்கிறேன்.

என் தம்பி பஹ்மி மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கடை போடுவதற்கு முன் அவன் முதலில் வந்தது என்னிடம்தான். வட்டியில்லாத கடனாகக் கொஞ்சம் கொடுங்கள், மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறேன் என்றான். கையில் ஒன்றும் இல்லை என்றேன். அதே மாதம்தான் குண்டசாலையில் காணி வாங்கினேன். அவன் வங்கிக்குப் போனான். ஐயோ, தம்பி வட்டியில் விழுந்துவிட்டானே என்று ஊரெல்லாம் சொல்லி வருத்தப்பட்டவனும் நான்தான். உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஆனால் கடை ஓடியது. பெருநாள் நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. "நஸீம் நானாவ விடத் தம்பி கெட்டிக்காரன்" என்று என் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களே என்னிடம் சொன்னார்கள். நானும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஆணியை நிறுத்துக் கொடுத்தேன்.

பிறகு நாடு விழுந்த வருடம் அவனும் விழுந்தான். சரக்கு விலை ஏறியது, ஆட்கள் பிய்ந்த செருப்பையே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். தவணை பிந்தியதும் வங்கி அவனை மத்தியஸ்த சபைக்கு இழுத்தது. அங்கே ஒரு ஒப்பந்தம் ஆனது. பாக்கியை மாதாமாதம் கட்ட வேண்டும், கட்டி முடியும்வரை மேலதிக வட்டியோ தண்டமோ போடக் கூடாது. பிணைக்குக் கையெழுத்து வைத்தது நான். கடையும் போய், அவன் மனைவி மஸாஹிராவின் நகையும் போய், ஒரு தவணை தவறாமல் கட்டி முடித்தான். முடித்த பிறகு பார்த்தால், வங்கி சத்தமில்லாமல் அவனுடைய சேமிப்புக் கணக்கிலிருந்து பிந்தியதற்கு வட்டி, கடிதம் போட்டதற்கு, வக்கீலுக்கு என்று பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தக் காசை மீட்க அலைந்தவன் நான். இதை யாரும் மறுக்க முடியாது. கண்டிக் கிளையில் முகம் கொடுக்கவில்லை, கொழும்புக்குப் போனேன். முறைப்பாடு எழுதினேன், திரும்ப எழுதினேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், அப்படித்தான் அவர்களைத் தேய்த்தேன். பஹ்மி நொந்துபோய்த் தன் கணக்கை மூடிவிட்டிருந்தான். ஆகவே காசைப் பிணைகாரனான என் கணக்குக்கு அனுப்பலாம் என்று சம்மதம் எழுதிக் கொடுத்தான். கூடப்பிறந்த நானாவை நம்பாமல் யாரை நம்புவான்.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. பரிசோதனைக்கு என் வேனில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும், அரச ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், பிந்தினால் உயிருக்கு ஆபத்து, முடிந்தால் தனியாரில் உடனே செய்துவிடுங்கள் என்றார். செலவையும் சொன்னார். வங்கி தர வேண்டியிருந்த காசு அதற்குச் சரியாக இருக்கும். நான் வெளியே வந்து அதைச் சொன்னதும் பஹ்மியின் முகம் தெளிந்தது. "அல்லா பெரியவன் நானா, அந்தச் சல்லி இதுக்குத்தான் வருது" என்றான்.

காசு வந்தது. கடையில் சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. பார்த்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மூட்டைகளை எண்ணினேன்.

வங்கியிலிருந்து வந்த காசு, அதில் வட்டி என்று பெயர் போட்டதும் இருந்தது. நமக்கு வட்டி ஹராம். தவறி வந்தால் என்ன செய்வோம், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்கோ, பள்ளிக் கழிவறைக்கோ கொடுத்துக் கழுவிவிடுவோம். இங்கே இருக்கிற எல்லோரும் அப்படிக் கொடுத்தவர்கள்தான். ஹுதைபா மௌலவியிடமும் கேட்டேன். அவர் மேல் பழி இல்லை. வட்டியாக வந்த காசை என்ன செய்வது என்று மட்டும்தான் கேட்டேன், யாருடையது, எப்படி வந்தது என்று சொல்லவில்லை. தேவையுள்ள ஏழை யாருக்காவது கொடுங்கள், இல்லாவிட்டால் கழிவறைக்குக் கொடுங்கள் என்றார். தேவையுள்ள ஏழை அப்போது அம்பிட்டியவில் தன் வீட்டுப் படியேற முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நான் கழிவறையைத் தேர்ந்தேன்.

வங்கி அவன் பையிலிருந்து எடுத்ததைத் திரும்ப அவன் பையில் வைத்தால் அது வட்டி ஆகாது. மதரஸாவில் அலிஃப் படிக்கிற பிள்ளைக்கும் இது விளங்கும். எனக்கும் விளங்கியது.

டைல்ஸ், சீமெந்து, குழாய் எல்லாம் என் கடையிலிருந்தே போனது. ஊருக்கு விற்கிற விலைதான் போட்டேன், ஒரு சதம் கூட்டவில்லை. வியாபார லாபம் ஹலால். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு ஜும்ஆ முடிந்ததும் பஹ்மி என்னிடம் வருவான். செருப்புகள் கிடக்கிற அந்த வாசலில் நின்றுதான் கேட்பான்.

"பேங்கால ஏதும் வந்தீக்கா நானா?"

"இன்னம் இல்ல. இழுக்கிறானுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஏதோ என்னிடம் கடன்பட்டவனைப் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஒரு வெள்ளிக்கிழமை புதுக் குழாயில் வுழூ செய்துவிட்டு வந்து, முகத்தில் தண்ணீர் சொட்ட, யாரோ நல்ல மனுஷர் கட்டிக் கொடுத்திருக்கிறார், அவருக்கு அல்லாஹ் பரகத் செய்யட்டும் என்று துஆ கேட்டான். நான் ஆமீன் சொன்னேன்.

ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்க, அம்பிட்டிய ஏற்றத்தை நடந்தே ஏறியிருக்கிறான். பாதி வழியில் உட்கார்ந்தவன் எழும்பவில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். கபன் துணிக்கும் நான்தான் கொடுத்தேன்.

மஸாஹிரா புருஷனுக்காக இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அவள் வாசல் தாண்ட மாட்டாள், வங்கிக்கும் போக மாட்டாள் என்று நான் கணக்குப் பண்ணியது உண்மை. மாதாமாதம் அரிசி, பருப்பு அனுப்பினேன். அதுவும் உண்மை. இத்தா முடிந்து அவள் முதலில் போன இடம் வங்கி. காசு எந்தத் தேதியில் யார் கணக்குக்குப் போனது என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு என்னிடம் வரவில்லை, உங்களிடம் வந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை ஹாஜியார். ஜும்ஆவுக்கு வந்தால் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை, பின்பக்கத்தால் போகிறேன். ஹராம், ஹலால் என்றெல்லாம் இவ்வளவு நேரம் சொன்னேன். விடுங்கள். வட்டிக்குப் பயந்து நான் அதைச் செய்யவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் வாரம் தவறாமல் என் முன்னால் வந்து நின்று கேட்டான். காசைக் கொடுத்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை எதற்கு வருவான். அவன் சாவான் என்று தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன், டொக்டர் என்னிடம்தான் சொன்னார். என் தம்பியைக் கொன்றது நான்தான்.

தௌபா செய்துவிட்டேன். மனம் திருந்திவிட்டது. மஸாஹிராவுக்கு முழுக் காசையும் ஒரு சதம் குறையாமல் எடுத்து வைத்திருக்கிறேன், கடை மேசை லாச்சியில் இருக்கிறது. நிர்வாக சபை வந்து வாங்கிக் கொடுப்பதெல்லாம் வேண்டாம், அது அழகில்லை. அவளை ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வரச் சொல்லுங்கள். வந்து, நானா தாங்க என்று வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொடுத்துவிடுவேன்.