பிளாரன்ஸ் மைனி வீட்டு ரவுட்டர்

வீட்டு ரவுட்டரை யாரும் துடைப்பதில்லை. டிவியைத் துடைப்பார்கள், மாதா படத்தைத் துடைப்பார்கள், ஃபிரிட்ஜுக்கு உறைகூடத் தைத்துப் போடுவார்கள். ரவுட்டர் மட்டும் மூலையில் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கும். எங்கள் ஊர் பெரியதாழையில் நான் கழற்றிப் பார்த்த ஒவ்வொரு பெட்டியிலும் வயர் மாட்டும் துளைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பிளாரன்ஸ் மைனி வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தான். அதை முதன்முதலாகச் சுத்தம் செய்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

அந்தப் பெட்டியில் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். எனக்குக் கோபம் வராது, பழகிவிட்டது.

ரவுட்டர் ஒரு குட்டிக் கணினி. வீட்டுக்குள் வரும் தகவலை எந்தப் போனுக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது அதனுள் இருக்கும் மென்பொருள். ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனி போட்டு அனுப்புவது அரைகுறை. பெயரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், அவ்வளவுதான். உலகத்தில் என்னைப் போன்ற சிலர், யாரிடமும் சம்பளம் வாங்காமல், அதைவிடப் பல மடங்கு நல்ல ஃபர்ம்வேரை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். பெட்டியின் மாடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, பழையதை அழித்துவிட்டு இதை ஏற்ற வேண்டும். ஏறும்போது கரண்ட் போனால் பெட்டி செத்தது. அதனால் என் வீட்டு இன்வெர்ட்டரில் வைத்து ஏற்றினேன். ஏறி முடிந்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த அழகை இந்த ஊரில் யாரிடம் சொல்ல?

பிளாரன்ஸ் என் பெரியப்பா மகன் வளன் அண்ணனின் மனைவி. பரீட்சை நேரத்திலும் பிள்ளைகள் போனே கதியென்று கிடக்கிறார்கள், ஏதாவது செய் என்று அவள்தான் பெட்டியைக் கொடுத்தாள். புது ஃபர்ம்வேரில் எந்தப் போனுக்கு எது வரலாம், எது வரக்கூடாது என்று தனித்தனியாக விதி எழுதலாம். பிள்ளைகளின் போன்களுக்கு எழுதிக் கொடுத்தேன். என் வீட்டிலிருந்தே அதைத் திறந்து மாற்ற ஒரு வழியும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பெயர் பராமரிப்பு.

இனி வயர்லெஸ் செட்டுக்கு வருகிறேன். கடலில் கொஞ்ச தூரம் போனால் போன் டவர் எட்டாது. அதனால் வள்ளங்களில் வயர்லெஸ் செட் உண்டு. கரைக்கான செட் பிளாரன்ஸ் வீட்டு முன்னறையில் இருக்கிறது. இந்தச் செட்டில் இருவர் ஒருசேரப் பேசினால் யார் பேச்சும் கேட்காது. ஆகவே ஊர் கூடி ஒரு வழக்கம் வைத்தார்கள்: கரையிலிருந்து பிளாரன்ஸ் மட்டுமே பேசுவாள். காற்று எச்சரிக்கை வாட்ஸ்அப் குழுவில் வரும். வந்தால் செட்டில் சொல்வாள். அவள் பேசவில்லை என்றால் கடல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். மௌனத்தைச் செய்தியாக வைத்திருக்கிறார்கள். செட் பழுதானாலும் மௌனம்தான், அவள் தூங்கிப்போனாலும் மௌனம்தான், செத்துப்போனாலும் மௌனம்தான். கடலில் இருப்பவன் எல்லாவற்றையும் நல்ல காற்று என்று எடுத்துக்கொண்டு வலை இழுப்பான். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிப்பவன்கூட இப்படி ஒன்றைக் கட்டமாட்டான். மணிக்கொரு முறை ‘இருக்கிறேன், காற்றில்லை’ என்று கரை சொல்ல வேண்டும். அந்தக் குரல் வராவிட்டால் வள்ளம் திரும்ப வேண்டும். இதுதான் முறை.

மீனவர் சங்கக் கூட்டத்தில் படம் வரைந்தே விளக்கினேன். வளன் அண்ணன் எழுந்தான்.

“ஏலே கரைநண்டு, வாந்தி எடுக்காம தூண்டில் வளைவத் தாண்டிட்டு வா. பொறவு கடலப் பத்திப் பேசலாம்.”

கூட்டம் சிரித்தது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரே ஒருமுறை வள்ளத்தில் போய்க் குடல் வெளியே வர வாந்தி எடுத்தேன். அலை தடுக்கக் கல் கொட்டியிருக்கிறதே, அந்த வளைவைக்கூடத் தாண்டவில்லை. ஊருக்கு அது இன்னும் திருவிழா. பிளாரன்ஸும் சிரித்தாள்.

“மணிக்கொருக்கா ‘இருக்கேன், இருக்கேன்’னு நான் கத்திட்டுக் கிடந்தா சோறு யாரு பொங்குவா? நீ வந்து பொங்குதியா?”

சிரிப்பு பதிலாகாது. தவறான அமைப்பை வாயால் சொல்லி விளங்காதவர்களுக்கு, அது உடைவதைக் காட்டித்தான் விளங்கவைக்க வேண்டும். நான் செய்தது ஒரு சோதனை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். அன்று விடியலில் ஓர் ஓலை அசையவில்லை. வளன் அண்ணனும் கூட்டாளி ரெக்சனும் ஒரே வள்ளத்தில் போனார்கள். காற்று வரைபடத்தைத் தினமும் பார்ப்பவன் நான். முற்பகலில் காற்று எழும் என்று அதில் தெரிந்தது. பிளாரன்ஸின் போனுக்கு மட்டும் ஒரு விதி எழுதினேன்: வாட்ஸ்அப் வரக்கூடாது, போகவும் கூடாது. மற்றதெல்லாம் ஓடலாம். வீட்டுக்கு ஃபைபர் வந்ததும் அவள் போனுக்கு டேட்டா போடுவதை நிறுத்தியிருந்தாள். செய்தி வேறு வழியில் வர வாய்ப்பில்லை.

எச்சரிக்கை வந்தது. என் போனிலும் வந்தது, ஊரில் பலர் போனிலும் வந்தது. ஒருவரும் அசையவில்லை. பிளாரன்ஸ் பார்த்திருப்பாள், செட்டில் சொல்லியிருப்பாள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். நானே எதிர்பார்க்காத இரண்டாவது பிழை இது. முதல் பிழையைவிட நேர்த்தியானது.

கரைக்குப் பக்கத்தில் தொழில் செய்த வள்ளங்கள் மேகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டன. வளன் அண்ணன் தூரத்தில் வலை விட்டிருந்தான். மனைவியின் குரல் வராதவரை அவன் திரும்பமாட்டான்.

அந்த நேரத்தில் பிளாரன்ஸ் என் வீட்டுக்கு வந்தாள்.

“ஏலே ஜெஸ்டினு, டிவியில பாட்டு ஓடுது, பெட்டியில பச்ச லைட்டு எரியுது, வாட்ஸ்அப் மட்டும் வரமாட்டேங்கு. என்னன்னு வந்து பாரேன்.”

கூடவே போனேன். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். “பெட்டியில ஒரு குறையும் இல்ல மைனி” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நான் எழுதியதை அது துளியும் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. எந்த விளக்கு எதற்கு என்று அவளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். தலையாட்டினாளே தவிர, பார்வை வாசல் பக்கமே இருந்தது. வெளியே போய் அடுத்த வீட்டு வளவில் நின்ற பனையைப் பார்த்தாள். ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

“காத்து மாறுன மாதிரி இருக்கு. உன் போனுக்கு ஏதாச்சும் வந்திச்சாலே?”

போன் என் சட்டைப் பையில் இருந்தது.

“பாக்கல மைனி. ஆனா அன்னைக்குக் கூட்டத்துல நான் ஒண்ணு சொன்னேம்லா, மணிக்கொருக்கா பேசணும்னு?”

“அத இப்ப எதுக்குச் சொல்லுத? அடுப்புல சோறு கிடக்கு, இங்கன நின்னு உன் கதையக் கேட்டா குழஞ்சு போவும்.”

உள்ளே போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து விதியை அப்படியே விட்டுவைத்தேன்.

பிறகு யார் சொன்னார்களோ, செட்டில் அலறத் தொடங்கினாள். தெரு முழுக்கக் கேட்டது. பேசும் பொத்தானை அமுக்கியபடியே அலறினால் எதிர்ப்பக்கத்தின் பதில் எப்படிக் கேட்கும்? கையை எடுத்தால்தான் கேட்கும். இத்தனை வருஷம் அந்தச் செட்டில் பேசியவளுக்கு அது நினைவில்லை. நினைவிருந்தாலும் பயனில்லை. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

வள்ளம் தூண்டில் வளைவுக்கு வெளியே கவிழ்ந்து மிதந்தது. ரெக்சனின் உடல் மணப்பாடு பக்கம் ஒதுங்கியது. வளன் அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை.

நானாக ஸ்டேஷனுக்கு ஏன் வந்தேன் என்று உங்கள் ஆட்கள் ஆச்சரியப்படுகிறார்கள். ரவுட்டர் பழுது என்று ஊரில் பேசினார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது கரையிலிருந்து மணிக்கொரு முறை பேசுகிறார்களாம். நான் சொன்ன முறைதான். ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை.

விதியை எழுதியது நான். காற்று வரும் என்று தெரிந்தே எழுதினேன். எச்சரிக்கை என் பையில் இருந்தபோது இல்லை என்ற பாவனையில் நின்றேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். வாசலில் வைத்து ‘நீ சொன்னது சரிதாம்லே’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே போனை எடுத்துக் காட்டியிருப்பேன். அவள் சோற்றைப் பார்க்கப் போனாள். தவறு எங்கே நடந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அழுதுகொண்டே கிடக்கிறாளாம். கொஞ்ச நேரம் அவளை இங்கே வரச் சொல்லுங்கள் ஐயா. ஒரு தாளும் பேனாவும் போதும். அவளுக்குப் புரியும்வரை பொறுமையாக விளக்குகிறேன், எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.