இருக்கிற வரைக்கும்

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. அந்த அம்மாள் திடீரென்று, "நாம எப்ப சாவோம்னு அந்த பேங்க் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க" என்றார்.

"எழுபது வயசுக்குள்ள லோனை முடிக்கணும்னுதாம்மா சொன்னா. பையனும் சேர்ந்து கையெழுத்து போட்டா இருபது வருஷம் தரோம்னா."

"போன் பண்ணீங்களே, அவன் இன்னா சொன்னான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வீட்டை அவன் பேர்ல வாங்கினா போடறானாம்."

"அப்ப நாம?"

"இருக்கிற வரைக்கும் இருந்துக்கலாமாம்."

"இத்தனை வாடகை வீட்ல இருந்தோம். ஒரு வீட்டுக்காரன் கூட இப்படி சொன்னதில்லீங்க."

பஸ் இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. பிறகு அவர், "அடுத்த ஸ்டாப்புல இறங்கணும். வீட்டை விக்கிறவரு காத்துக்கினு இருப்பாரு. நமக்கு வேணாம்னு நேர்ல சொல்லிடலாம்" என்றார்.

"நீங்க போய் சொல்லுங்க. நான் இதே பஸ்ல திரும்பிடறேன். அந்த வீட்டை இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது."

பஸ் நின்றது. அவர் மட்டும் இறங்கி, ஸ்டாப்பை ஒட்டியிருந்த ஒரு வீட்டை நோக்கி நடந்தார். அந்த அம்மாள் எழுந்து, அந்த வீடு கண்ணில் படாத எதிர்ப்பக்க சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.