மாஸ்டர் விசில்

— உட்காருங்கம்மா. எட்டுப் பேரும் கிடைச்சாச்சு. உங்க பொண்ணு பக்கத்து அறையில தலை துவட்டிக்கிட்டு இருக்கா. ஒரு கீறல்கூட இல்ல.

— இப்ப உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது மாஸ்டர். நின்னே பேசுறேன். தினம் பத்து மணி நேரம் பஸ்ஸுல நின்னுதானே டிக்கெட் கிழிக்கிறேன்.

— இந்தத் தண்ணியையாவது குடிங்க.

— குடுங்க... அப்பாடா! போன உசுரு இப்பத்தான் திரும்பி வந்துச்சு. சரி, சொல்லுங்க. சாரணர் ஆட்டம்னு கண்ணைக் கட்டின பிள்ளைங்களை மைதானத்துல விட்டுட்டு நீங்க எங்க போனீங்க?

— ஆஸ்பத்திரிக்கும்மா. ஆட்டம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த பையன் ஒருத்தன் படியில உருண்டுட்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சிருச்சு. ரெண்டு குச்சியை வச்சு, என் விசில் கயிறைக் கழட்டிக் கட்டுப் போட்டு, கையில ஏந்திக்கிட்டு ஓடினேன். வண்டி ஓட்டுறதுக்கு என் உதவியாளரும் வந்துட்டார்.

— அப்ப இவங்களுக்கு யாரு காவல்?

— வாட்ச்மேன். ஒரு கண்ணு பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனேன். மழை கொட்டவும் அவர் ஹால் ஜன்னலெல்லாம் சாத்த ஓடிட்டார். திரும்பி வந்து பார்த்தா மைதானத்துல ஒரு பிள்ளை இல்ல. தப்பு என்மேலதாம்மா. அவர்மேல ஒண்ணும் இல்ல.

— நல்லாத் திட்டணும்னு வாயில வச்சுக்கிட்டே வந்தேன். நீங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டா நான் எப்படித் திட்டுறது?

— திட்டுங்கம்மா. திட்டினா எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும்.

— இருக்கட்டும், இன்னொரு நாளைக்கு வட்டியோட சேர்த்துத் திட்டுறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன் கேளுங்க. மைதானத்துக்குப் பின்னாடி குளத்தங்கரையில நின்னு நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதிலே இல்ல. அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன் மாஸ்டர், என் பொண்ணு இல்லன்னு.

— ஐயோ, ஏம்மா அப்படி...

— ஏன்னா அவ உசுரோட இருந்தா பதில் சொல்லாம இருக்கவே மாட்டா! தூக்கத்துல கூப்பிட்டாக்கூட ஒரு கதை சொல்லிட்டுத்தான் திரும்பிப் படுப்பா. பல்லு பிடுங்குற டாக்டரே, ‘கொஞ்சம் வாயை மூடும்மா’ன்னவர். அவ ஒரு மணி நேரம் சத்தமே போடலைன்னா பெத்தவ என்னன்னு நினைப்பேன்?

— ஆட்டத்தோட விதிம்மா அது. நான் வச்ச விதி. எட்டுப் பேரும் ஒரே கயிறைப் பிடிச்சுக்கணும், கண்ணு கட்டியிருக்கும், பேசக் கூடாது. கயிறைச் சுண்டிச் சுண்டியே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சதுரமா நிக்கணும். யாரு வந்து கூப்பிட்டாலும் ஏமாறாதீங்க, நானே கூப்பிட்டாலும் நம்பாதீங்க, மாஸ்டர் விசில் வந்தாத்தான் ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லியிருந்தேன். அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க.

— அதான் வாட்ச்மேன் விசில் ஊதினாரே. நானும் என் கண்டக்டர் விசிலை எடுத்து ஊது ஊதுன்னு ஊதினேனே. நான் ஊதினா ஊரே நிக்கும், இவங்க ஏன் வரல?

— அதாம்மா எனக்கும் புரியல. என் விசில் இருந்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். கயிறு பையன் கால்லயே இருக்கு, விசிலைத்தான் காணோம். ஓடின அவசரத்துல வழியில எங்கயோ விழுந்திருக்கும். பதினாறு வருஷமாக் கழுத்துல கிடந்த பித்தளை விசில்.

— போனாப் போகுது விடுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க. எங்கதான் இருந்தாங்க கடைசியில?

— இதோ, கூடாரமெல்லாம் அடுக்கி வைக்கிற அறையில. கதவுல பூட்டு பூட்டாம சும்மா தொங்குச்சு, பூட்டியிருக்குன்னு நினைச்சு நாங்க அதைத் திறந்தே பார்க்கல. தார்ப்பாய் எடுக்கப் போன வாட்ச்மேன் திறந்திருக்கார். உள்ளே எட்டுப் பேரும் கட்டின கண்ணோட, கயிறைப் பிடிச்சுக்கிட்டு கச்சிதமாச் சதுரமா நிக்கிறாங்க! அவர் அலறியிருக்கார், ஒருத்தரும் அசையல. நான் ஓடிப்போய் ‘ஆட்டம் முடிஞ்சுது’ன்னு கத்தினேன், அப்பவும் அசையல.

— அப்புறம்?

— எனக்கு அழுகை வந்துருச்சும்மா. தரையில உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அதுக்கப்புறம்தான் கட்டை அவுத்தாங்க.

— அழுதது நல்லதுதான் மாஸ்டர். இல்லைன்னா ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நின்னிருப்பாங்க. இங்க பாருங்க, என் பையில ஒரு கடிதம் இருக்கு. போன வாரமே எழுதினது. என் பொண்ணைச் சாரணர் படையிலிருந்து எடுத்துக்கிறேன்னு.

— இன்னைக்கு நடந்ததுக்கு நீங்க எழுதினாலும் நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா.

— இன்னைக்கு நடந்ததுக்கு இல்ல. அவளை எந்த அணியும் சேர்த்துக்க மாட்டேங்குதாம். ‘ரேடியோ வந்தா தோத்துருவோம்’னு சொல்றாங்களாம். சீட்டுப் போட்டுத் தோத்த அணிதான் இவளை எடுத்துக்கணுமாம். வாராவாரம் வீட்டுக்கு வந்து தலையணைக்குள்ள அழுறா. என்கிட்ட மட்டும் ஜலதோஷம்கிறா. இன்னைக்கு ஒருநாள் மட்டும் போய்ட்டு வரேம்மான்னு கெஞ்சினா, சரின்னு அனுப்பினேன்.

— சீட்டு விஷயம் எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருக்கணும்.

— அம்மா!

— வந்துட்டியா? வாடி இங்க! தலையைச் சரியாத் துவட்டினியா? உன்னை அடிக்கிறதா கட்டிக்கிறதான்னே தெரியல.

— கட்டிக்கோம்மா, அப்புறம் அடிச்சுக்கலாம். அம்மா, நாங்க ஜெயிச்சிட்டோம் தெரியுமா? ஒருத்தர்கூடப் பேசல! மழை வந்ததும் எல்லாரும் பயந்து கயிறைக் கன்னாபின்னான்னு இழுத்தாங்க. நான்தான் முன்னாடி போனேன். சுவரைத் தடவி, குழாயைத் தாண்டி, மூணு படி ஏறி, நேரா அறைக்குள்ள!

— கண்ணைக் கட்டிக்கிட்டு உனக்கு எப்படிம்மா வழி தெரிஞ்சுது?

— என்ன மாஸ்டர் இப்படிக் கேக்குறீங்க? பேசினதுக்குத் தண்டனையா வாராவாரம் கூடாரம் மடிக்க என்னைத்தானே அங்க அனுப்புறீங்க? தூக்கத்துலகூடப் போவேன்.

— கேட்டீங்களா மாஸ்டர்! உங்க தண்டனைதான் இன்னைக்கு எட்டுப் பேருக்கும் கூரை ஆச்சு.

— இனிமே அந்தத் தண்டனையே கிடையாதும்மா.

— ஏன் மாஸ்டர்? இனிமே அணியோட சேர்ந்து மடிக்கிறதாப் பேசி வச்சிருக்கோம். அடுத்த வாரமும் நான்தான் அணித் தலைவின்னு ஏழு பேரும் சொல்லிட்டாங்க. சீட்டே போடல!

— அப்படியா சொன்னாங்க? சீட்டுப் போடாமயா?

— ஆமாம்மா. ஏன் அழுற? ஜலதோஷமா?

— ஆமாடி, ஜலதோஷம்தான். மாஸ்டர், இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நான் டிக்கெட்டைக் கிழிச்சே கை ஓஞ்சு போயிருக்கேன்.

— ரொம்ப நன்றிம்மா. ஆனா இன்னைக்கு நடந்ததை நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன். அதுக்கப்புறம் என்னை வச்சுக்கணுமா வேண்டாமான்னு பெத்தவங்க எல்லாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணட்டும்.

— எழுதுங்க. கூட்டத்துக்கு நானும் வரேன். திட்டவும் செய்வேன், இருக்கணும்னு கையும் தூக்குவேன். அடியே, ஒண்ணு கேக்குறேன் சொல்லு. என் விசில் சத்தம் கேட்டுச்சா இல்லையா?

— கேட்டுச்சே! நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டுச்சு. அம்மாவையும் மாஸ்டர் ஆட்டத்துல சேர்த்துட்டார்னு நினைச்சேன். ஒரே சிரிப்பு, நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். விசில் கேட்டதும் மத்தவங்க எல்லாரும் ஆட்டம் முடிஞ்சுதுன்னு கிளம்பினாங்க. வாட்ச்மேன் தாத்தா ஊதினப்பவும் அப்படித்தான். ரெண்டு தடவையும் நான்தான் கயிறை இழுத்து நிறுத்தினேன்.

— நீயா நிறுத்தின? மழைச் சத்தத்துல எல்லா விசிலும் ஒரே மாதிரிதானே கேக்கும். அது என் விசில் இல்லன்னு உனக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது?

— சத்தத்தை வச்சு இல்ல மாஸ்டர். இந்தாங்க... என் சட்டைப் பையிலதான் இருக்கு. காலுக்குக் கட்டுப் போடும்போது என் கையில வச்சு அழுத்தி, ‘நான் வந்து கேக்குற வரைக்கும் வாயில வைக்காதே’ன்னு சொல்லிட்டுப் போனீங்க. நீங்க இன்னும் கேக்கவே இல்லையே!