கால்சியம் டப்பா

— வீட்டுக்குப் போயிடலாம் வதினா. நேத்தே மாவுக்கட்டு போட்டாச்சு. சங்கராந்திக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, அரிசெலு, அதான் அதிரசம், அதுக்கு வெல்லப்பாகு வைக்கணும்.

— ஒத்தைக் கையாலயா? நாத்தனார் சொல்றேன், உட்காரு ரத்னம், பெரிய டாக்டரைப் பார்க்காம போக முடியாது. வராண்டாவை இப்படி அளந்துக்கிட்டே இருந்தா நம்பர் சீக்கிரம் வந்துடுமா? முப்பத்தஞ்சு இப்பதான் உள்ளே போயிருக்கு, நம்மது முப்பத்தாறு.

— உட்கார முடியல. இந்த ஆஸ்பத்திரி நாத்தம் தாங்கல.

— ஜந்திகலு குழலை அழுத்தினதுக்கு மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. முறுக்கு பிழிஞ்சு கை ஒடிஞ்சவ ஊர்ல உண்டா? காக்கிநாடாவே சிரிக்குது, கேட்டியா.

— மாவு கொஞ்சம் கெட்டி. அது வந்து...

— போன வருஷம் இருமினதுக்கு விலா எலும்பு விரிசல் விட்டுச்சே, அது எந்த மாவு? உனக்கு முப்பத்தி நாலு வயசு. அம்பத்தொண்ணுல நான் மாடிப்படியில உருண்டேன், புடவையைத் தட்டிக்கிட்டு எழுந்து வந்தேன்.

— உங்க உடம்பு வாகு அப்படி.

— என் உடம்பை விடு. நேத்து அந்தச் சின்ன டாக்டர் என்ன சொன்னாரு? "ரொம்ப வருஷமா ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா, வலிப்பு மாத்திரை மாதிரி சிலது எலும்பை அரிச்சுடும்"னாரு. மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் நீ என் மூஞ்சியைப் பார்த்துட்டு இல்லைன்ன.

— இல்லாததை இல்லைன்னுதானே சொல்ல முடியும்? கால்சியம் மட்டும்தான் போடுறேன். உங்க தம்பியே பார்க்கிறாரே, தினம் ராத்திரி அந்த வெள்ளை டப்பாவுலேருந்து.

— அதுதான் எனக்கு விளங்கல. பதினோரு வருஷமா ஒரு நாள் தப்பாம கால்சியம் முழுங்குறவளுக்கு எலும்பு அப்பளமா இருக்கு. இப்படியே போனா அடுத்தது இடுப்புன்னாரு. இடுப்பு முறிஞ்சு படுத்தா உன்னை யாரு தூக்குறது, என் தம்பியா? அவன் ஒரு தண்ணிக்குடத்தைத் தூக்கி நான் பார்த்ததில்ல.

— என் தலையெழுத்து. விடுங்களேன் வதினா, சும்மா சும்மா தோண்டாதீங்க!

— சரி, உன்னை விட்டேன். ஆனா சிட்டி உன் வயித்துல பொறந்ததுதானே? அவ எலும்பும் இப்படி ஆயிடக் கூடாதுன்னு காலையில உன் டப்பாவைத் திறந்து ரெண்டு மாத்திரை குடுத்தேன். பாலோட சமர்த்தா முழுங்கிட்டா.

— எந்த டப்பா?

— அதான், கால்சியம்.

— ரெண்டா? ரெண்டு குடுத்தீங்களா? எத்தனை மணிக்கு? அவளுக்கு ஏழு வயசு வதினா! போனை எடுங்க, ஸ்கூலுக்குப் போடுங்க!

— கால்சியம்தானே, எதுக்குக் கத்துற? எல்லாரும் பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும்! அது கால்சியமே இல்ல. வலிப்பு மாத்திரை! பதினாலு வயசுலேருந்து போடுறேன். பொண்ணு பார்க்க வந்தப்ப எங்கப்பா மறைச்சுட்டாரு. தெரிஞ்சா அனுப்பிடுவீங்கன்னு பயந்து நான் டப்பாவை மாத்தி வச்சுக்கிட்டேன். டாக்டர் அப்படிச் சொன்னதும் இனிமே தொடவே கூடாதுன்னு நேத்து ராத்திரி போடல. உங்க தம்பிகிட்ட சொல்லிக்குங்க, என்னை எங்கப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க, முதல்ல என் பிள்ளையைப் பாருங்க!

— நேத்து ராத்திரி போடலையா? அறிவுகெட்டவளே, டாக்டரைக் கேட்காம அதை நிறுத்தலாமா? இங்கேயே விழுந்து வச்சா என்ன செய்யறது?

— நான் எக்கேடோ கெட்டுப் போறேன்! சிட்டி, வதினா, சிட்டி!

— சிட்டிக்கு நான் ஒண்ணும் குடுக்கல. அவ உன் வயித்துல இருந்தப்ப நீ கிணத்தடியில வலிப்பு வந்து விழுந்து இழுத்துக்கிட்டியே, அன்னைக்கு உன்னை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு வாயைத் துடைச்சு விட்டவ நான்தான், ரத்னம். நீயா சொல்லுவேன்னு எட்டு வருஷம் பார்த்தேன். எழுந்திரு, முப்பத்தாறு கூப்பிடுறாங்க. இப்ப என்கிட்ட கத்தினதை உள்ளே போய் மெதுவாச் சொல்லு.